பதினொரு தேங்காயும் கடைசி குரூப் ஆட்டமும்

கோவையில் என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்குச் சொந்த ஊர் இலுப்பூர் பக்கம். கால்பந்து என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவார். நான் சாப்பாட்டை மறக்க மாட்டேன். மற்றபடி நானும் அதே கட்சிதான். ஒரு சர்வதேசப் போட்டியில் இந்தியாவின் முதல் குரூப் ஆட்டத்தன்று அவர் செல்போனில் ஒரு படம் காட்டினார். செம்மண் மைதானத்தில் உரித்த தேங்காய்கள். கோல் கம்பத்துக்கு முன்னால் ஒன்று, அதற்கு முன்னால் நான்கு, அப்புறம் மூன்று, அப்புறம் மூன்று. "மேட்சுக்கு முன்னாடி எங்க ஊர்ல டீமை இப்படித்தான் அடுக்குவோம்" என்றார். கிண்டல் செய்கிறார் என்றே முதலில் நினைத்தேன்.

கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடைசி குரூப் ஆட்டம் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு. டிரா செய்தாலே இந்தியா அடுத்த சுற்றுக்குப் போய்விடும். இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்று வெள்ளிக்கிழமையே பையைத் தூக்கிவிட்டேன்.

ராத்திரி திருச்சியில் தங்கல். சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு அங்கிருந்து பஸ். புதுக்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், ஏழரைக்கெல்லாம் இறங்கிவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பரோட்டாவும், அவித்த முட்டையை நறுக்கி மசாலாவில் பிரட்டிய முட்டை மாஸும் எழுபது ரூபாய்க்கு. காலையிலேயே பரோட்டாவா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். அங்கிருந்து அன்னவாசல் பஸ்ஸில் ஏறி, பதினாறாவது கிலோமீட்டரில் சித்தன்னவாசலில் இறங்கினேன். வெயில் ஏறும் முன் குகை ஓவியத்தைப் பார்த்துவிடுங்கள். கூரையில் தாமரைக் குளம், மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் மூன்று பேர். இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒருவர் மட்டும் தனியே தள்ளி. மற்றவர்களுக்கு அதில் கலை தெரியும். எனக்கு அன்றைக்கு இரண்டு ஸ்ட்ரைக்கரும் ஒரு விங்கரும்தான் தெரிந்தார்கள்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். டிரைவர் பெயர் பாண்டி. முந்நூறு கேட்டு இருநூற்றைம்பதுக்கு இறங்கினார். எதற்குப் போகிறேன் என்று சொன்னதும், "அடடே, மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா, நானும் அங்கிட்டுதான் வாரேன்" என்று ஐம்பதைக் குறைத்து இருநூறாக்கினார். கால்பந்தால் எனக்குக் கிடைத்த முதல் வருமானம் அது.

வழியெல்லாம் ஒரு கையால் ஓட்டி, மறு கையால் வியூகம் வகுத்துக்கொண்டே வந்தார். "அஞ்சு டிஃபண்டர்க்கா. டிரா போதும்னா எதுக்கு மேல ஏறணும்? வீட்டப் பூட்டிட்டு உள்ள ஒக்காந்துக்க வேண்டியதுதானே."

எதிரே வந்த மினி பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவே ஒரு டிஃபண்டர்கூட இல்லையே என்ற கவலை எனக்கு.

அன்னவாசலுக்கும் இலுப்பூருக்கும் நடுவே உள்ள ஊர் அது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் வந்தால் தேங்காய் பத்தாதாம். பள்ளிக்கூடத்தை ஒட்டி மைதானம். ஒரு ஓரத்தில் வேப்பமரத்தடிப் பிள்ளையார், எதிரே கதிரேசனின் தேங்காய் குடோன். கதிரேசனுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. தேங்காய் யாவாரி. ஊர் டீமுக்கு ஐந்து வருடமாக அவர்தான் கோச். மனதார வரவேற்றார்: "வாங்க வாங்க, கோயம்புத்தூர்லருந்தா? மொதல்ல சாப்புடுங்க."

முறை இதுதான். இந்தியா ஆடும் ஆட்டத்துக்கு முன்பு, கணிக்க விரும்புகிறவர் மைதானத்தில் பதினொரு தேங்காயை அடுக்க வேண்டும். தேங்காய் இருக்கும் இடம் ஆட்டக்காரர் நிற்கும் இடம். குடுமி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் அவர் ஓடுவார். இடைவேளை வரை யாரும் கைவைக்கக் கூடாது. அப்போது கணிப்பில் சரியானவை வீட்டுக்கு, தப்பானவை பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய். மூன்று குரூப் ஆட்டத்தில் அதிகம் ஜெயித்தவர்தான், பொங்கலன்று பக்கத்து ஊரோடு நடக்கும் ஆட்டத்துக்கு ஊர் டீமின் கோச். தேர்தல் இல்லை, சிபாரிசு இல்லை. இந்த முறையை நாட்டுக்கே கொண்டுவரலாம்.

இந்தத் தடவை முதல் ஆட்டத்தைக் கதிரேசன் ஜெயித்திருந்தார். இரண்டாவதை ஜெயித்தவர் மலர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். தினமும் சாயங்காலம் ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் மனம் விட்டுச் சொன்னார்: "சொல்லிக் குடுக்குறதெல்லாம் நான். யாரு ஆடணும், எங்க நிக்கணும்னு முடிவெடுக்கிறது அவரு. அஞ்சு வருசமா சென்டர் ஃபார்வர்டுல அவரையே போட்டுக்கறாரு. ஒரு கோல் கெடையாது. சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல. இன்னிக்கு விட்டேன்னா இன்னும் ஒரு வருசம் போயிரும்."

எனக்கு அந்த நிமிடமே மலர் கட்சி.

மூன்று மணிக்கு அடுக்க ஆரம்பித்தார்கள். மைதானத்தின் ஒரு பாதியில் கதிரேசன். கோல் கீப்பருக்கு முன்னால் ஐந்து தேங்காய் வரிசையாக, குடுமியெல்லாம் சொந்த கோலைப் பார்த்து. ஊரில் முக்கால்வாசிப் பேர் பின்னால் நின்று தலையாட்டினார்கள். மறு பாதியில் மலர். பின்னால் மூன்றே மூன்று. இடதும் வலதும் இரண்டு தேங்காயை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்து, குடுமியை எதிரணி கோலைப் பார்த்துத் திருப்பினார். கூட்டம் சிரித்தது.

"ஏத்தா மலரு, டிரா போதுமேத்தா. கதவத் தொறந்து போட்டு வச்சுருக்கியே" என்றார் கதிரேசன்.

"பூட்டிட்டு உள்ளயே ஒக்காந்துருந்தா, திருடன் ஓட்டப் பிரிச்சு எறங்குவான்ணே. நாம போயி அவன் வீட்ட தட்டணும்."

"டீச்சர் பேச்சு ரெண்டு கோல் பெறும்" என்றார் பாண்டி. ஆனால் அவரும் போய் நின்றது கதிரேசன் பக்கம்தான்.

நாலரைக்கு டி.வி.யில் ஆடும் பதினொரு பேரின் பட்டியல் வந்தது. குடோன் வாசலில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். படத்தில் கோல் கீப்பருக்கு முன்னால் நேர்வரிசையில் ஐந்து பெயர்கள். "அஞ்சு! அஞ்சு!" என்று குடோனே அதிர்ந்தது. மலரின் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. கதிரேசனுக்கோ கால் தரையில் பாவவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மலர் அடுக்கிய பக்கம் போய் இடது ஓரத்துத் தேங்காயை எடுத்து, பிள்ளையார் முன்னால் ஓங்கி ஒரே போடு. தேங்காய் நாலாபக்கமும் சிதறியது.

இடைவேளைக்கு முன்னால் தேங்காயில் கைவைப்பது அந்த ஊரில் இதுவரை நடக்காத காரியம்.

மலர் கத்தவில்லை. "டி.வி.காரன் நிக்கிற எடத்தத்தாண்ணே காட்டுனான். குடுமிய காட்டலையே. பந்து உருளட்டும்" என்றார். கதிரேசன் கையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பதினொரு தேங்காய் இருந்தால்தான் முழுக் கணிப்பு; இப்போது மலர் பக்கம் பத்துதான். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நான் மலர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு முறுக்கை நீட்டினேன். அதைத் தவிர எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஐந்தரைக்கு ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பத்து நிமிடம் ஐந்து பேரும் அடுக்கி வைத்த மாதிரி பின்னாலேயே நின்றார்கள். பாண்டி திரும்பி என்னைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினார். எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் இடது பக்கக் கடைசி ஆள் மெல்ல நகர ஆரம்பித்தார். ஒரு தரம் நடுக்கோடு வரை. மறுதரம் அதைத் தாண்டி. மூன்றாம் தரம் எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள்ளேயே நின்றார். வலது பக்கத்து ஆளும் அதேபோல. பின்னால் மிஞ்சியது மூன்றே பேர்.

"குடுமி திரும்பிருச்சுடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

இடைவேளைக்குச் சற்று முன்பு, வலது பக்கத்திலிருந்து வந்த பந்தை இடது ஓரத்து ஆள் ஓடிவந்து உள்ளே தள்ளினார். கோல்! கதிரேசன் கதிரேசனாக இல்லை. பாண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார். குதித்து இறங்கும்போதுதான், கோல் போட்டது தான் உடைத்த தேங்காய் என்பது அவருக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார்.

இடைவேளை விசில் ஊதியதும் எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் குடோனுக்குள் போனார். உள்ளே ஒவ்வொரு தேங்காயாகத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. நல்ல கனத்த காய் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மைதானத்துக்குள் நடந்து, காலியாக இருந்த இடது ஓரத்தில் அதை வைத்து, குடுமியை எதிரணி கோலைப் பார்த்துத் திருப்பினார்.

"அவசரப்பட்டுட்டேன். இந்தாத்தா ஒன் ஆளு" என்றார்.

பிறகு தன் பக்கம் போய் அந்த ஐந்தையும் அள்ளிக்கொண்டு வந்து, பிள்ளையார் முன்னால் ஒவ்வொன்றாக உடைத்தார். கை தட்டிக் கொண்டாடினோம். கண் கலங்கிவிட்டது எனக்கு; முறுக்குக் காரம் என்று சமாளித்தேன். இரண்டாம் பாதியில் கோல் இல்லை. ஒன்றுக்குப் பூஜ்யம், இந்தியா அடுத்த சுற்று. சிதறிய தேங்காயெல்லாம் பொறுக்கப்பட்டு, பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் சேர்ந்து சட்னியாகிச் சுடச்சுட இட்லியோடு வந்தது. தோற்ற கணிப்பு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: புதுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்குங்கள்; எனக்கு எண்ணூறு ரூபாய் ஆனது. சித்தன்னவாசலுக்குத் தண்ணீரும் தொப்பியும் அவசியம், பாறை சீக்கிரம் சுட ஆரம்பித்துவிடும். ஆட்டோவுக்கு ஏறும்போதே பேசிக்கொள்ளுங்கள், கால்பந்துக்காகப் போகிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த ஊராக இருந்தாலும் கணிப்பவர்களோடு உட்கார்ந்து ஆட்டம் பாருங்கள். நிபுணர்கள் தப்பாகச் சொன்னால் மறுநாள் வேறு ஏதாவது சொல்வார்கள். இங்கே தப்பாகச் சொன்னவர் எழுந்து போய்த் தன் கையாலேயே உடைக்கிறார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்பும் நேரம் மலர் தன் தேங்காய்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். கதிரேசன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"ஏத்தா கோச்சு, பொங்கல் ஆட்டத்துல நான் எங்க நிக்கிறேன்?"

மலர் சாக்கிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து சென்டர் ஃபார்வர்டு இடத்தில் வைத்தார். கதிரேசனின் முகம் மலர்ந்தது. மலர் அதைக் காலால் மெல்ல உருட்டிக்கொண்டே வந்து, சொந்த கோலுக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஆட்டத்துக்கு ஆட்டம் அஞ்சு டிஃபண்டர் வேணும்கிறீங்களேண்ணே. அந்த அஞ்சுல ஒரு நாளாச்சும் நீங்க நின்னுருக்கீங்களா?"

பாண்டி வாயைப் பொத்திக்கொண்டார். கதிரேசன் குனிந்து, அந்தத் தேங்காயின் குடுமியை எதிரணி கோல் பக்கம் திருப்பி வைத்தார்.

"நிக்கிறேன். ஆனா அப்பப்ப மேல ஏறுவேன்."