ட்ரங் கோலை எனக்குத் தந்தவர்

எழுபதுகளின் தொடக்கம். திருகோணமலையில் இருந்துகொண்டு கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதினேன் என்றால், மாதர் பகுதிக்குச் சமையல் குறிப்புகள்தான். துறைமுகம், நீதிமன்றம், விபத்து எல்லாம் ஆண்களுக்கு. கேட்டால், "பொம்பிளைப் பிள்ளை அலைய ஏலாது" என்பார்கள்.

ஒருநாள் தொதல் என்ற இனிப்பைக் கிண்டும் முறையைக் கேட்டு எழுதக் குறிஞ்சாக்கேணிக்குப் போயிருந்தேன். கலியாண வீட்டிலிருந்து பெண்களை ஏற்றிவந்த தோணி என் கண் முன்னாலேயே கடலோரக் களப்பு நீரில் கவிழ்ந்தது. வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பாய்ந்து எல்லோரையும் கரைசேர்த்தார்கள். நடுங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பக்கத்து வீட்டுக்குள் கூட்டிப்போனார்கள். உடுப்பு மாற்றும் இடத்தில் ஆண்களுக்கு என்ன வேலை? நான் உள்ளே போனேன். தலை துவட்டிவிட்டபடியே ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். பிள்ளைகள் உட்பட ஒருவரும் குறையவில்லை. ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட ஆக்கள் கொழும்பில கடையில நிக்கிறாங்க மகள். நாங்க உசிரோட இருக்கிறமெண்டு பேப்பரில போடுங்க."

நகரத்துக்குத் திரும்பினால், தோணியில் வந்த அத்தனை பேரும் செத்துவிட்டார்கள் என்று கதை. தபால் கந்தோருக்கு ஓடினேன். போட்டிப் பத்திரிகையின் மூத்த நிருபர் ஒருவர் கொழும்புக்குப் பேச ட்ரங் கோல் பதிந்துவிட்டு, தொலைபேசி இணைப்புக்காக எனக்கு முன்னால் காத்திருந்தார்.

"ஒருத்தரும் சாகயில்லை ஐயா. நான் அங்க நிண்டனான்" என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தார். "அப்ப முதல்ல நீங்கள் கதையுங்கோ" என்று தன் முறையை எனக்கு விட்டுத்தந்தார்.

மறுமுனையில் எங்கள் செய்தி ஆசிரியர் பாதியிலேயே மறித்தார். "அங்க ஆம்பிளை நிருபர் ஒருத்தரும் இல்லையோ? அவர் சொன்னால்தான் போடலாம்."

என் முகத்தைப் பார்த்தே பக்கத்தில் நின்ற மூத்த நிருபர் விளங்கிக்கொண்டு றிசீவரை வாங்கினார்.

"நான் மற்றப் பேப்பர்காரன். நான் ஊர்க்கதைதான் கேட்டனான். இந்தத் தங்கச்சி நேரில கண்டவ. அவ சொல்லுறதை எழுதுங்கோ."

றிசீவர் திரும்ப என் கைக்கு வந்தது.

மறுநாள் முதல் பக்கத்தில் என் செய்தி. அந்த நிருபருக்கு மறுபடி இணைப்புக் கிடைத்தபோது அவருடைய பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டதாம். நான் வருத்தப்பட்டேன், அவர் சிரித்தார்.

"ஏச்சு வாங்கிறது எனக்குப் பழக்கம். அந்தச் சனத்துக்குச் செய்தி போய்ச் சேந்துதுதானே!"

பிறகு துறைமுகச் செய்திகளும் என்னிடம் வரத் தொடங்கின. என் திறமையால் முன்னுக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பெண் சொன்னால் செய்தியாகாத அந்தக் காலத்தில், தன் செய்தியை இழந்தும் என்னைப் பேசவைத்த அந்த மனிதரை நன்றியோடு நினைக்காமல் அப்படிச் சொல்ல என் நா எழுவதில்லை.