ஆறு ஆம்பியர்

திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு அந்த எலக்ட்ரீசியன் ஒரே ஒருமுறைதான் வந்தார். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலுக்குப் பதிலாகச் சிவப்பு ஒயரை வளைத்துக் காதில் மாட்டியிருந்தார். என் கணவர் துபாயில் இருக்கிறார். கைக்குழந்தைக்கு வெந்நீர் போடும் ஹீட்டரின் பிளக் சுட்டதால் பயந்துபோய் அவரை அழைத்திருந்தேன்.

மீட்டரைப் பார்த்து அவர் உரக்கச் சொன்னார். "வோல்டேஜ் இருநூத்திப் பத்து. கரண்டு ஆறு."

நான் தாளில் போட்டுக் காட்டினேன். "அப்போ ரெசிஸ்டன்ஸ் முப்பத்தஞ்சு ஓம், பவர் ஆயிரத்து இருநூத்தி அறுபது வாட்ஸ். இருநூத்தி முப்பது வோல்ட் வந்தா ஆறரை ஆம்பியர் இழுக்கும். இந்த பிளக் பாயிண்ட் ஆறுதான் தாங்கும். சரிங்களா?"

"எல்லாம் தெரிஞ்சிக்கினு என்னை எதுக்கும்மா கூப்ட்டீங்க?" என்று சிரித்தார்.

"கணக்கு தப்பா இருந்தா? கேக்கறதுக்கு இங்க யாருமில்லீங்களே."

அவர் தடித்த ஒயர் இழுத்து, பெரிய பாயிண்ட் வைத்துக் கொடுத்தார். பையோடு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஃபேனு, ஃப்ரிட்ஜி, மிக்ஸி எல்லாத்தையும் பார்த்துடட்டுமாம்மா? எனக்கும் ஊட்டுக்குப் போய் ஆவப்போறது ஒன்னுமில்ல."

எதிலும் பழுதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஒவ்வொன்றாக அளந்தார், நான் எழுதிக்கொண்டேன். குழந்தை தூங்கி எழுந்த பிறகுதான் கிளம்பினார்.

அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவேயில்லை. ஏன் கேட்கத் தோன்றவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.