கயிறு பிடித்த கை

எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்கிறவனுக்குத் தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருப்பான். பெண்டாட்டியோடு பிறந்தவன். வேறு எவன் அசந்தாலும், அக்காள் தாலி அறுவதை அவன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்பது ஊர் நம்பிக்கை. "என் உசிரு உன் தம்பி கையிலல்லா கெடக்கு. குழம்புல உப்பு கூடினாலும் வாயத் தொறக்க முடியுமா?" என்று அப்பா அம்மாவைக் கேலி செய்வார்.

சண்டைக்காலம் அது. ரங்கூன் அரிசி நின்றுபோய், ரேஷன் கடையில் புழுத்த சோளம் போட்டார்கள். அந்த வருஷம்தான் கடலுக்கடியில் போன அப்பா கயிற்றைச் சுண்டவே இல்லை. கீழே இருப்பவன் சுண்டினால்தான் மேலே இருப்பவன் தூக்க வேண்டும். மாமா காத்திருந்து, பொறுக்க முடியாமல் இழுத்தபோது அப்பாவிடம் மூச்சில்லை. "கயிறு பிடிக்கச் சொன்னா கனாக் கண்டுக்கிட்டு இருந்தானாம்" என்று ஊர் பேசியது. ஒன்பது வயதுக்காரி நானும் அதை நம்பினேன். மாமா அதன்பின் கடலுக்குப் போகவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் எழாமல் வீட்டு மூலையில் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டில் விற்பதற்கும் ஒன்றுமில்லை. பதினாறு வயது அண்ணன் குளிக்கப் போவதென்று முடிவாயிற்று. கல்யாணமாகாத பையன் மச்சானுக்கு எங்கே போவான்? சித்தப்பா தாமே பிடிப்பதாகச் சொல்லியனுப்பினார். அம்மாவோ அப்பாவின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

கயிற்றை மாமாவின் முன்னால் போட்டாள். "ஏலே தம்பி, பெரியவன் நாளைக்குக் குளிக்கப் போறான். நீதான் பிடிக்கணும்."

"ஏங் கையிலயாக்கா குடுக்க?"

"பின்ன யாரு கையில குடுக்க?"

மாமா குலுங்கி அழுதார். எனக்கு இரக்கமே வரவில்லை. திரும்பும் வழியில், "அப்பாவ விட்ட மாதிரி அண்ணனையும் விட்டுட்டா?" என்று கேட்டேன்.

"வாய மூடுளா" என்றாள் அம்மா.

மறுநாள் தோணி போனபின், கழுவின பானையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

மத்தியான மணி அடித்ததும் கரைக்கு ஓடினேன். அண்ணன் தோணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். மூக்கில் ரத்தம் கசிந்திருந்தது, ஆனாலும் சிரித்தான். எனக்கு முன்பே வந்து நின்ற அம்மா அவன் தலையை ஒருதரம் தொட்டாள். பிறகு மாமாவிடம் போய் அவர் கைகளை விரித்துப் பார்த்தாள். இறுக்கிப் பிடித்ததில் இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்திருந்தன. வீட்டுக்குக் கூட்டிவந்து, இருந்த கொஞ்சம் தேங்காயெண்ணெயையும் தடவி, சோளக் கஞ்சியைத் தன் கையாலேயே ஊட்டிவிட்டாள். மாமா சாப்பிட்டார்.

முங்கினவன் அண்ணன், எண்ணெய் மாமாவுக்கா என்று எனக்கு அழுகையாக வந்தது. அன்று கடலிலிருந்து கரையேறியது அண்ணன் மட்டும்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.