சந்தனம் பூசிய மவுஸ்

எனக்குக் கிறுக்கல் பழக்கம் உண்டு. அதை ஓவியம் என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். அட்டைப்பெட்டி மூடி, காலண்டரின் பின்பக்கம், உள்ளங்கை, எது கிடைத்தாலும் பேனா தானாக ஓடும். படப்பையிலிருந்து போகும் கம்பெனி வேனில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்களைத்தான் அதிகம் வரைந்திருக்கிறேன். நானும் தூங்கியிருக்கலாம். கால்வலி விட்டால்தானே!

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் பக்கம் சுவிட்ச் செய்யும் சின்னக் கம்பெனியில் எனக்கு லைன் வேலை. ஷிப்டு முழுக்க நிற்க வேண்டும். அந்த வருஷம்தான் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஏசி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்களுக்கு ஃபேன் சுற்றினாலே பெரிய விஷயம்.

என் அட்டைக் கிறுக்கல்களை ஒருநாள் பார்த்த மேனேஜர், சாப்பாட்டு நேரத்தில் மவுஸைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். வட்டம் போட்டால் உருளைக்கிழங்கு வந்தது. கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், இதென்ன கண்றாவி என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. தினமும் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டு ஓடுவேன். போகப் போக, வேனில் தூங்கும் முகங்களே திரையில் வந்தன. தப்பான கோட்டை அழித்தால் தடம்கூட இருக்காது. அந்தச் சுகம் பேனாவில் ஏது?

"ஆயுத பூஜை முடிஞ்சதும் நம்ம சுவிட்சை ஒரு டிராயிங் போட்டுக் காட்டும்மா. சரியா வந்தா இந்த சீட்டு உனக்குத்தான்" என்றார் மேனேஜர். உட்கார்ந்து செய்யும் வேலை! கண்பட்டுவிடும் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை.

பூஜையன்று எல்லா மெஷினுக்கும் மேனேஜரே சந்தனம், குங்குமம் வைத்தார். கம்ப்யூட்டருக்கும் வைத்தார். மவுஸைத் திருப்பி, அடியில் உருளும் உருண்டைக்கும் தாராளமாக ஒரு பொட்டு. நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

லீவு முடிந்து வந்து உட்கார்ந்தேன். கோடு பாதியில் நின்றது, பிறகு எகிறியது. அழித்து அழித்து இழுத்தும் அதே கதை.

"சார், மவுஸ் சிக்குது சார்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பயத்துல உனக்குக் கை நடுங்குது. உனக்கு லைன்தாம்மா சரி."

லைனில் என் பக்கத்தில் நிற்கும் அக்கா, "இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று கேட்டாள். அடுத்த சுவிட்சை எடுத்துத் திருகத் தொடங்கினேன்.

அந்த சீட்டுக்குப் புதிதாக ஒருவரை எடுத்தார்கள். டிப்ளமா படித்தவர். அவர் இழுத்த கோடும் எகிறியது. அவருக்குக் கை நடுங்குகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. உடனே மெக்கானிக்கை வரவழைத்தார்கள்.

மெக்கானிக் உருண்டையைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாராம். ஆபீசே சிரித்ததாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக மேனேஜரிடம் போய், "சார், இப்ப நான் போட்டுக் காட்டட்டுமா?" என்றேன்.

"இனிமே எதுக்கும்மா?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

லைனுக்குப் போய் நின்றேன்.