கருவாட்டு வாசம்

அப்பாவை நான் பார்த்ததில்லை. நான் வயிற்றில் இருந்தபோது, தோட்டத்துக் கோயில் திருவிழாவில் காவடி எடுத்தவர் பாதி வழியில் சுருண்டு விழுந்தார். எழவேயில்லை. செம்பனைக் குலை வெட்டி இறுகிய உடம்பு, காய்ச்சலென்றுகூடப் படுத்தவரில்லையாம். அதனால் எங்கள் லயத்து வீட்டு வரிசையே காரணம் தேடிக் கிளம்பி, எங்கள் அடுப்படியில் வந்து நின்றது. அவர் விரதம் இருந்த வீட்டில், மசக்கை தாங்காமல் அம்மா ஒரு துண்டு கருவாடு சுட்டுத் தின்றிருந்தாள். அந்த வாசத்தை எங்கே ஒளிப்பது?

பிறகு தோட்டத்தை விட்டுப் புக்கிட் ரோத்தானுக்குக் குடிவந்தும் எங்கள் வீட்டில் கருவாடு நுழைந்ததில்லை. இந்த வருடம் நான் உண்டானேன். ஊரில் இத்தனை பண்டம் இருக்க, என் நாக்கு கேட்டது அந்தப் பாழாய்ப்போன கருவாட்டைத்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தாம் மாதம் மூச்சு வாங்கியது. மருத்துவமனைத் திரையில் என் இதயம் தெரிந்தது. இருட்டுத் தண்ணீரில் ஏதோ ஒன்று நிதானமாக வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதன் சுவர் தடித்திருந்தது.

ரத்தத்தையும் சோதித்த பிறகு டாக்டர் விளக்கினார். கருவில் இதயத் தசைச் செல்கள் வளரும்போது, உள்ளே இழைகளை எப்படிக் கட்டுவதென்று சொல்லித்தருவது மரபணுக்கள்தானாம். என்னுடையதில் ஒன்று பிழை. அதனால் சில இடங்களில் செல்கள் வரிசையாக அமையாமல் தாறுமாறாகக் கிடக்கின்றன. அம்மாவைச் சோதித்தார்கள், அவளுக்கு இல்லை. அப்பாவிடமிருந்துதான் வந்திருக்கும், இப்படிப்பட்டவர்கள் ஓடியாடும்போதே விழுந்துவிடுவதுண்டு என்றார். என் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாத்திரையும் கவனமும் இருந்தால் சமாளிக்கலாமாம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு கிறுக்குச் சந்தோஷம்: அப்பாவை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன்.

மனசு லேசாகட்டும் என்று என் கணவர் அன்று மாலை என்னையும் அம்மாவையும் மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தான் ஆற்றுக்கு அழைத்துப்போனார். படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. கரை மரங்களில் மின்மினிகள் சேர்ந்தே மின்னின, சேர்ந்தே அணைந்தன. தனியாகக் கிடக்கும் இதயச் செல்கள் தத்தம் போக்கில் துடிக்கும், தொட்டுக்கொண்டால் ஒன்றாகத் துடிக்கும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா தன் தாய் வயிற்றில் இருந்தபோதே அந்த இதயம் அப்படித்தான் உருவானது என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப அவரு என்னால சாவலையா?”

“இல்லம்மா.”

படகு கரை சேரும்வரை அழுதாள். நான் தடுக்கவில்லை.

மறுநாள் காலை என்னை எழுப்பியது வாசம். அடுப்படியில் அம்மா முதுகைக் காட்டி நின்றபடி, திரும்பாமலே சொன்னாள்.

“ரெண்டு தண்ணில ஊறவச்சிட்டேன், உப்பு போயிருக்கும். சூடா சாப்பிடு லா.”