செங்கோடனின் இருமல்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, வாய்க்கால் ஓரமாக இருக்கிற ஒரு சின்ன ஊரில் சாந்தாமணிக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. அழகுக்காகவோ பணத்துக்காகவோ வந்த மரியாதை அல்ல. அவளுடைய முப்பதாவது வயதில் அண்ணன் அவளுக்கு எழுதிங்கள் சீர் செய்து வைத்தார். பிறந்த வீட்டார் முன்வந்து இந்தச் சீரைச் செய்து வைத்தால்தான் கட்டுக்கழுத்தியான ஒரு சுமங்கலி மற்றவர்கள் கல்யாணத்தில் முன்னால் நின்று சீர்த்தட்டைத் தொட முடியும். செலவு பிடித்த காரியம் என்பதால் இப்போது பலரும் அதைத் தட்டிக் கழித்துவிடுகிறார்கள். அதனால் சுற்றுவட்டாரத்தில் முகூர்த்தம் குறித்தால் வெற்றிலை பாக்கோடு முதல் ஆள் சாந்தாமணி வீட்டுக்குத்தான் வரும். எந்தத் தட்டில் என்ன வைப்பது, மாப்பிள்ளையின் தங்கைக்குச் செய்யும் இணைச்சீரில் யார் எந்தப் பக்கம் நிற்பது, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சம்பந்தி பெரிய மில்லுக்கு முதலாளியாக இருந்தாலும் சரி, தட்டு இடம் மாறியிருந்தால் விடமாட்டாள்.

புருஷன் செங்கோடன் அவளுக்கு நேர் எதிர். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்காத மனுஷர். பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷம் பஞ்சுத் தூசியில் நின்றவர். மில்லை இழுத்து மூடியபோது கொடுத்த பணம் ரெண்டு வருஷத்தில் கரைந்துபோனது. மில் கொடுத்த இருமல் மட்டும் அவரை விடவில்லை. ஊருக்கு வந்து இருக்கிற அரை ஏக்கரில் வாழை வைத்தார். மீதி நேரம் வராந்தாவில் ஒயர் சேரில் உட்கார்ந்து இருமினார்.

சேனல் தொடங்கியது கொரோனா காலத்தில். இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்த நாளில், பெங்களூரில் ஒரு கல்யாணம். சீர் செய்ய ஆள் போக முடியவில்லை. “அத்தை, எப்படிச் செய்யறதுன்னு போன்லயே சொல்லிக் குடுங்க” என்று அந்த வீட்டுப் பெண் கெஞ்சினாள். மகன் தீபக் அம்மாவைத் தட்டுகளோடு உட்காரவைத்து போனில் படம் பிடித்து அனுப்பினான். அனுப்பியதோடு நில்லாமல் யூடியூபிலும் ஏற்றினான். ‘எங்கூட்டுச் சீர்’ என்று பெயர் வைத்தான்.

அந்த முதல் வீடியோவிலேயே இருமல் இருக்கிறது. சாந்தாமணி தேங்காயை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். வராந்தாவிலிருந்து செங்கோடன் இருமுகிறார், கொர கொரவென்று, அடங்காமல். அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பி, “ஏனுங்க, தண்ணி குடிங்க” என்கிறாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தேங்காயைப் பற்றிச் சொல்கிறாள். தீபக் அதை வெட்டிவிடத்தான் இருந்தான், சோம்பலில் விட்டுவிட்டான். அந்தச் சோம்பல்தான் அவனுக்குச் சோறு போட்டது. துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கிற நம் சனம் தட்டை விட்டுவிட்டு இருமலைப் பிடித்துக்கொண்டது. ‘அக்கா, நீங்க போய் மாமாவுக்குத் தண்ணி குடுத்துட்டு வாங்க, நாங்க இருக்கறோம்’ என்று ஒருத்தர் எழுத, அதற்குக் கீழே ஆயிரம் பேர் கை தட்டினார்கள். அதற்கப்புறம் தீபக் இருமலை வெட்டவே இல்லை.

மூன்றாவது வருஷம் மாதாமாதம் பணம் வர ஆரம்பித்தது. ஈரோட்டு ஜவுளிக்கடை ஒன்று, தங்கள் கடைச் சேலையைக் கட்டிக்கொண்டு மாதம் ரெண்டு வீடியோ பேசினால் போதும் என்று ஒப்பந்தம் போட்டது. தீபக் பீளமேட்டில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டான். கேமரா வந்தது, லைட் வந்தது, காலரில் குத்துகிற மைக் வந்தது. செங்கோடன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “என்னோட சீக்குக்கும் ஒரு வெலை இருக்குது பாரு” என்று சாந்தாமணியிடம் மட்டும் சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

புரட்டாசியில் அவர் செத்துப்போனார். மூச்சுத் திணறல். கோபி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மறுநாள்.

மூன்றாம் நாள் காரியத்தில் சாந்தாமணியின் தாலியை வாங்கினார்கள். பூவும் பொட்டும் போயின. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் அவளுக்கு அப்போது ஆத்திரமெல்லாம் இல்லை, எத்தனையோ வீட்டில் இதே சடங்குக்கு அவள் போய் நின்றிருக்கிறாள். அழுது முடித்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, தீபக் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருந்த வீடியோ தானாக வெளியே போனது. தலைப்பு: ‘தாலிக்கொடி கோர்ப்பது எப்படி?’ அதில் சாந்தாமணி நெற்றி நிறையப் பொட்டு வைத்து, மஞ்சள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்தாள். துக்க வீட்டில் இருந்த யாருக்கும் அது தெரியாது. அதுவரை அவள் போட்ட வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். ‘நீங்க தீர்க்க சுமங்கலியா இருக்கோணும் அக்கா’ என்று வரிசை வரிசையாக வாழ்த்து.

தீபக் மறுநாள்தான் அதைப் பார்த்தான். நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. இன்னும் ஐந்து வீடியோ கையில் இருந்தது, அவையும் ஒவ்வொன்றாகப் போயின. உறவுக்காரர்கள் ரெண்டொருவர் வீடியோவுக்குக் கீழே துக்கம் விசாரித்து எழுதினார்கள். அதை அழித்தான். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பானேன் என்று, ‘இறந்து’, ‘செத்து’, ‘காலமானார்’ என்ற வார்த்தைகள் இருக்கும் எதுவும் வெளியே தெரியாதபடி சேனலில் பூட்டுப் போட்டான். எழுதியவர் கண்ணுக்கு மட்டும் அது இருப்பதுபோலத் தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது. அப்பன் செத்ததை ஊர் முழுக்க மைக் வைத்துச் சொன்னவன், சேனலில் அந்த வார்த்தைக்கே தடை போட்டான். இது சாந்தாமணிக்குத் தெரியாது.

கார்த்திகையில் கையிருப்பு தீர்ந்தது. தீபக் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அம்மா, தை முகூர்த்தத்துக்குக் கடைக்காரங்க வீடியோ கேக்கறாங்க.”

“நான் எப்படிக் கண்ணு சீரைப் பத்திப் பேசறது? தட்டத் தொடக்கூட ஆகாது.”

“நெசத் தட்டு இல்லீம்மா. சும்மா, வீடியோவுக்கு.”

“பொட்டு வெக்கச் சொல்றயா?”

அவன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தான். கவரிங் தாலி, மஞ்சள் கயிற்றோடு. கோபி பேன்சி ஸ்டோரில் வாங்கியிருந்தான்.

“ஒரே ஒரு மாசம் மட்டும். வேலையவும் உட்டுப்போட்டு வந்துட்டன், இனி என்னை எவன் சேத்துவான்? நீ வேண்டாம்னா சேனலை மூடிப்போடறேன்.”

மகனுக்காக ஒப்புக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் முழு உண்மை அதுவல்ல. அவளுக்கும் ஆசை இருந்தது. இனி எந்த மணவறைப் பக்கமும் அவளை ஒருத்தரும் கூப்பிடப் போவதில்லை. தெரிந்ததைச் சொல்ல அவளுக்கு மிச்சமிருந்தது அந்தக் கேமரா மட்டும். பொட்டை வைத்துக்கொண்டு போன் திரையில் தன் முகத்தைப் பார்த்தபோது அவர் வராந்தாவில் இருப்பதுபோலவே இருந்தது. பேசி முடித்ததும் முந்தானையால் நெற்றியைத் தோல் சிவக்கத் தேய்த்தாள்.

ஒரு மாசம் மூன்று மாசமானது.

மாசியில் கொழுந்தனார் மகள் லோகப்பிரியாவுக்குக் கோபியில் மண்டபம் பிடித்துக் கல்யாணம். சாந்தாமணி கடைசி வரிசையில், பந்திக்குப் போகும் கதவோரம் உட்கார்ந்தாள். அங்கேதான் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவளே எத்தனை பேரை அங்கே உட்காரவைத்திருக்கிறாள்! முன்னால் சீர் செய்ய வந்திருந்தவள் ரொம்பச் சின்னவள், பழக்கமில்லாதவள். இணைச்சீரில் தடுமாறிவிட்டாள். மாப்பிள்ளையின் தங்கை எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மண்டபத்தில் ஒரே சலசலப்பு. அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி போனை எடுத்துத் தட்டி, மைக் பக்கம் பிடித்தாள்.

“வாங்க கண்ணுகளா, நல்லா இருக்கறீங்களா? இன்னிக்கு இணைச்சீரு…”

மண்டபம் முழுக்க சாந்தாமணியின் குரல். அவள் தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். ரெண்டடி வைத்துவிட்டாள் என்றுகூடச் சொல்லலாம். கொழுந்தனார் பெண்சாதி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். கோபமாக இல்லை, பதமாகத்தான்.

“நீங்க உக்காருங்கக்கா. அதான் போன்ல சொல்றீங்கல்ல, போதுமுங்க.”

சாந்தாமணி உட்கார்ந்தாள். போனில் இருந்தவள் சொல்லச் சொல்ல, சீர் ஒழுங்காக நடந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு கிழவி, “வீடியோவுல மட்டும் பொட்டு வெக்கலாமாக்கும்?” என்று யாரிடமோ கேட்பதுபோல் கேட்டாள்.

பங்குனியில் ஒரு மத்தியானம். புதுசாகப் போட்ட வீடியோவைத் தன் போனில் ஓடவிட்டு, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தன் குரலைத்தானே கேட்கிறோம் என்று கவனமில்லாமல் இருந்தாள். நடுவில் இருமல் கேட்டது. கொர கொரவென்று, அடங்காமல். கத்தியைக் கீழே வைத்தாள். ஃபிளாஸ்கைத் திறந்து டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றினாள். வராந்தாவுக்குப் போனாள்.

ஒயர் சேரில் துவைத்த துணி குவிந்து கிடந்தது.

டம்ளரோடு எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அந்த வீடியோ போன வாரம் எடுத்தது. அவர் செத்து ஆறு மாசம் ஆகப்போகிறது.

தீபக் ஒன்றும் மறைக்கவில்லை. “எல்லாரும் கேக்கறாங்கம்மா. மாமா சத்தமே காணோமே, நல்லா இருக்காரான்னு. அதான் பழைய வீடியோவுல இருந்து எடுத்து வெச்சேன். நாலே செகண்டு.”

“அது உங்கப்பன் உசுரு போன இருமலு கண்ணு.”

“எனக்கு மட்டும் தெரியாதாம்மா?” என்றான். அவன் கண்ணும் கலங்கத்தான் செய்தது. ஆனாலும் அந்த நாலு செகண்டை அவன் எடுக்கவில்லை.

அன்றைக்கே சாந்தாமணி ஒரு முடிவுக்கு வந்தாள். உண்மையைத் தானே சொல்லிவிடுவது. சேனல் போனால் போகட்டும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் போனில், தன் பெயரில், ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினாள். ‘என் வீட்டுக்காரர் செங்கோடன் புரட்டாசி மாதம் இறந்து விட்டார். நீங்கள் கேட்டது பழைய இருமல். என்னை மன்னிக்கவும். சாந்தாமணி.’ அரை மணி நேரம் ஆனது. அனுப்பிவிட்டுப் பார்த்தாள். வீடியோவுக்குக் கீழே அது தெரிந்தது. மனசு லேசானது. அடுத்து என்ன நடந்தாலும் சரி என்று காத்திருந்தாள்.

ஒன்றுமே நடக்கவில்லை. ரெண்டு நாளாக யாரும் ஏசவில்லை, யாரும் அழவில்லை. ‘மாமா சத்தம் கேட்டு ரொம்ப சந்தோசம் அக்கா’ என்றே வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் மாமா மாமா என்று உருகியவர்களுக்கு அவர் செத்தால் ஒரு வார்த்தைகூடச் சொல்லத் தோன்றவில்லையா என்று அவளுக்கு நெஞ்சு வெந்தது. பக்கத்து வீட்டு கோமளாவிடம் போய்ப் புலம்பினாள். கோமளா தன் போனில் அதே வீடியோவைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

“இதுல நீங்க எழுதினது இல்லைங்களே அக்கா.”

“என்ற போன்ல இருக்குதே அம்மணி!”

கோமளா ரெண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். “சில வார்த்தை இருந்தா வெளிய காட்டாதபடிக்குப் பூட்டி வெப்பாங்களாமுங்க அக்கா. தீபக் வெச்சிருக்கும்” என்றாள் தயங்கித் தயங்கி.

சாந்தாமணி போனை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வயசு நாற்பத்தெட்டில், வெளியே எங்கேயும் நிற்க இடமில்லாதவள் வீட்டுக்குள் ஒருத்தனோடு சண்டை போட்டு எங்கே போவாள்?

மறுநாள் காலையில் தீபக் லைட்டைக் கொண்டுவந்து வைத்தான். வைகாசி முகூர்த்தச் சேலைக்கான வீடியோ. சாந்தாமணி சேலையைக் கட்டி, கவரிங் தாலியை எடுத்து வெளியே தெரியும்படி போட்டு, பொட்டை வைத்தாள். தட்டுகளை வரிசையாக அடுக்கினாள். மைக்கைக் குத்தியாயிற்று.

“சவுண்டு சரியா வருதான்னு பாக்கோணும். ஏதாச்சும் பேசும்மா.”

சாந்தாமணி வராந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒயர் சேரைப் பார்த்தாள். அவரிடம் பேசியே எத்தனை நாளாயிற்று!

“ஏனுங்க,” என்றாள். “தண்ணி குடிங்க.”

தீபக் காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு முகமெல்லாம் மலர நிமிர்ந்தான்.

“சூப்பரும்மா! இது அப்படியே இருக்கட்டும். முன்னாடி இருமல மட்டும் நான் சேத்திக்கறேன்.”