இடிக்குப் பிடுங்கிய பிளக்

ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்பு மலையடியில் தனியாக நிற்கும் ஒரு வீட்டுக்கு நான் இப்போது காவல். சித்தியவானில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினேன், ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் பெட்டி தூக்கினேன். எங்கும் தங்கவில்லை. இங்கே தங்கியதற்கு வீட்டுக்கார ஐயாதான் காரணம். மனைவியை இழந்தவர். மாலையில் எதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்க அவருக்கு நான், எனக்கு அவர்.

ரத்த அழுத்தம் ஏறி அவர் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு மகள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வாரம்தான் எங்கள் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கியது. ஐயாவுக்கு உப்பு ஆகாது. "தண்ணி சரியானாத்தான் அப்பாவ அனுப்புவேன்" என்றார் மகள் போனில்.

இங்கே நிலத்தடி நீரில் சுண்ணாம்பு அதிகம். அதைப் பிரிக்கக் கொல்லையில் ஒரு பில்டர் இருக்கிறது. உள்ளிருக்கும் சின்ன மணிகள் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். சில நாளுக்கொரு முறை அது பக்கத்து உப்புத் தொட்டியிலிருந்து உப்புநீர் விட்டு மணிகளைக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசிவிடும். இரவில் அந்தச் சத்தம் கேட்டால் ஐயாவுக்குத் தூக்கம் வராது. அதனால் மாலையில் கழுவும்படி வைத்திருந்தோம்.

தொட்டியில் உப்பைக் குறைத்துப் பார்த்தேன். கழிவுக் குழாயைக் கழற்றிச் சேறு எடுத்தேன். அதே கரிப்பு. உப்பு மூட்டை கொண்டுவரும் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"கரண்டு அடிக்கடி போவுதாண்ணே?"

"இல்லையே தம்பி. இடி இடிச்சா நான்தான் எல்லா பிளக்கையும் புடுங்கிருவேன்."

"இப்ப மழ சீசன், இங்க டெய்லி சாயங்காலம் இடியாச்சே. கழுவுற நேரத்துல நீங்க பயந்து புடுங்கிட்டா, பில்டரு உப்ப வயித்துல வச்சிக்கிட்டு பாதியில நிக்கும்லா."

ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்த கை இது. அங்கே இடி விழுந்து பக்கத்து வீட்டு டிவி புகைந்ததைப் பார்த்ததிலிருந்து, வானம் உறுமினால் தானாகச் சுவர் பிளக்குக்குப் போகும்.

மறுநாள் மாலை பில்டரை மறுபடி கழுவ விட்டேன். பாதியில் இடி வந்தது. டிவி, விசிறி, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் பிடுங்கினேன். அந்த ஒன்றை மட்டும் விட்டேன். கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, அது அலசி முடிக்கும் சத்தத்தைக் கேட்டேன். பிறகு குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குடித்தேன். கரிப்பில்லை.

மகளுக்குப் போனில் சொன்னேன். "நல்லதுண்ணே. ஆனா அப்பா இங்க பழகிட்டாரு. இங்கயே இருக்கட்டும்."

பின்னால் ஐயா இருமுவது கேட்டது. போனை அவரிடம் கொடுங்கள் என்று கேட்காமலே வைத்துவிட்டேன்.

இப்போது அந்தத் தண்ணீரை நான் மட்டும்தான் குடிக்கிறேன். இடி இடித்தாலும் அந்த பிளக்கைத் தொடுவதில்லை.